பிள்ளைகளின் பூச்சிப் போட்டியும் பெற்றோராகிய நாமும்

இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் கடிதங்களை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம். பிள்ளை விரலால் காட்டும் இடத்தில் கையெழுத்து வைக்கிறோம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "ஒன்றுமில்லை அப்பா, பள்ளிக்கூட விடயம்" என்று பதில் வரும். இரவு வேலைக்குப் போகிற அவசரத்தில் அதற்கு மேல் கேட்க நேரமும் இருப்பதில்லை. இப்படியே போனால் ஒரே வீட்டுக்குள் பிள்ளையின் படிப்பு ஒரு பக்கமும் எமது வாழ்க்கை இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து விடுகிறது.

அப்படி வந்த கடிதங்களில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். பூச்சிகளை அடையாளம் கண்டு வகைப்படுத்தும் மாணவர் போட்டி ஒன்றுக்கு எங்கள் கட்டடத்தில் மூன்று குடும்பங்களின் பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். அந்தப் பெற்றோராகிய நாங்கள் எல்லோரும் தொழிற்சாலை வேலைக்காரர். சிலர் சாதாரண தரத்தோடும், சிலர் போர்க்காலத்தில் அதற்கு முன்பே இடம்பெயர்ந்தும் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். "பூச்சி பிடிக்கவா பிள்ளையை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்? கணிதப் போட்டிக்கு விடலாமே" என்று எங்களைக் கேட்டவர்களும் உண்டு. இரண்டு வருடமாகப் பிள்ளைகளோடு கூட இருந்து பார்த்ததில் நாங்கள் அறிந்து கொண்டவற்றைப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

போட்டி எப்படி நடக்கிறது?

இந்தப் போட்டியின் பெயர் சயன்ஸ் ஒலிம்பியாட். அமெரிக்காவில் 1984 ஆம் ஆண்டு தேசிய அமைப்பாகத் தொடங்கியது. முதலாவது தேசியப் போட்டி 1985 இல் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் நடந்தது. கனடாவிலே ரொறன்ரோப் பல்கலைக்கழக மாணவர்களும் இந்த முறையில் போட்டிகளை நடத்தியிருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து 15 பேர் வரை ஒரு குழுவாகப் போகலாம். 23 நிகழ்வுகள் இருக்கும். சில நிகழ்வுகள் வருடத்துக்கு வருடம் மாறும். 2025 ஆம் ஆண்டுப் போட்டிகளில் பூச்சியியல் ஒரு நிகழ்வாக இருந்தது. மற்ற ஆண்டுகளில் அதே இடத்தில் பறவைகள், ஊர்வன, காட்டு மரங்கள் என்று வேறு பாடங்கள் வந்திருக்கின்றன. ஆகவே அந்தந்த ஆண்டின் விதிகளையும் பெயர்ப் பட்டியலையும் முதலில் அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு சோடியாக இதை எழுதுவார்கள். ஏறக்குறைய 50 நிமிடம். மண்டபத்தில் மேசைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மேசையிலும் ஊசியில் குத்திய பூச்சியோ, படமோ இருக்கும். இது எந்த வருணம், எந்தக் குடும்பம், இதன் வாய் கடிக்கும் வாயா உறிஞ்சும் வாயா, குஞ்சில் இருந்து எப்படி வளர்கிறது, பயிருக்கு நன்மையா தீமையா, நோய் பரப்புமா என்றெல்லாம் கேள்விகள் வரும். மணி அடித்ததும் அடுத்த மேசைக்குப் போய்விட வேண்டும். விதிகள் அனுமதிக்கும் குறிப்புக் கோவையைக் கொண்டு போகலாம். ஆனால் அதைப் புரட்டிக் கொண்டிருந்தால் நேரம் போய்விடும். பார்த்தவுடன் பாதி விடை மனதில் வரவேண்டும்.

வருணம் என்ற சொல்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். ஊரில் விஞ்ஞானப் பாடத்தில் கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று பாடமாக்கினோமே, அதே வருணந்தான். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதை வரிசை என்று எழுதுவார்கள். பிள்ளைகள் இங்கே ஓடர் என்று சொல்லுவார்கள்.

முதலில் கால்களை எண்ணுங்கள்

இன்றைக்குப் பெயரிட்டு அறியப்பட்ட பூச்சியினங்கள் சுமார் பத்து இலட்சம். அவ்வளவையும் பாடமாக்க ஒருவராலும் முடியாது. ஆனால் ஒழுங்காக எண்ணத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பூச்சி என்றால் உடல் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி. கால் ஆறு. உணர்கொம்பு ஒரு சோடி. வளர்ந்த பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்குச் செட்டை இருக்கும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் பேஸ்மென்ற் வீட்டையே ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். சிலந்திக்குக் கால் எட்டு, உணர்கொம்பு இல்லை. ஆகவே அது பூச்சி அல்ல. தேளும் உண்ணியும் சிலந்தியின் பக்கம். குளியலறையில் ஓடும் மட்டத்தேளுக்கு எண்ண முடியாத அளவு கால். அதுவும் பூச்சி அல்ல. பழைய புத்தகங்களையும் கடதாசிப் பெட்டிகளையும் அரிக்கும் வெள்ளி நிற இராமபாணத்துக்கோ ஆறு கால் இருக்கிறது. செட்டை கிடையாது, ஆனால் அது பூச்சிதான்.

அடுத்தது செட்டை. சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1758 இல் வெளியிட்ட நூலில் பூச்சிகளை ஏழு வருணங்களாகப் பிரித்தார். அவர் பெரிதும் பார்த்தது செட்டைகளைத்தான். அதனால்தான் இன்றும் வருணப் பெயர்களில் பல 'ப்டெரா' என்று முடிகின்றன. கிரேக்க மொழியில் அதன் அடிச்சொல்லுக்குச் செட்டை என்று பொருள். முன்னால் வரும் சொல்லைப் பிடித்துக்கொண்டால் பெயர் தானாக விளங்கும்.

'டி' என்றால் இரண்டு. டிப்டெரா இரண்டு செட்டை உள்ளவை. இலையானும் நுளம்பும் இங்கே வரும். 'கோலியோ' என்றால் உறை. கோலியொப்டெரா என்பவை முன் செட்டை கடினமான உறையாக மாறிய வண்டுகள். அறியப்பட்ட பூச்சியினங்களில் ஏறக்குறைய 40 வீதம் வண்டுகளே. 'லெப்பிடோ' என்றால் செதில். வண்ணத்துப்பூச்சியைப் பிடித்தால் விரலில் ஒட்டுகிற தூள் அந்தச் செதில்தான். 'ஹைமன்' என்பது மெல்லிய சவ்வு. தேனீ, குளவி, எறும்பு ஆகியவை ஹைமனொப்டெரா. 'ஹெமி' என்றால் பாதி. முன் செட்டையில் பாதி தடிப்பாகவும் பாதி மெல்லியதாகவும் இருப்பவை ஹெமிப்டெராவில் உண்டு. மூட்டைப்பூச்சியும் சில்வண்டும் இந்த வருணத்தைச் சேர்ந்தவை. 'ஓர்தோ' என்றால் நேர். தத்துவெட்டியும் சுவர்க்கோழியும் ஓர்தொப்டெரா.

பிள்ளைக்கு இலத்தீன், கிரேக்கம் என்று பயம் காட்டுகிற பெயர்கள் இவ்வளவுதான். கருத்தைத் தமிழில் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் பிறகு மறக்காது.

வேலைமேசையில் கற்றதைக் கொண்டு வாருங்கள்

நாங்கள் ஒருவர் திருகாணிகளைத் தரம் பிரிக்கும் மேசையில் நிற்கிறோம். இன்னொருவர் பிளாஸ்ரிக் மூடிகளைப் பார்த்துக் கழிக்கிறோம். அந்த வேலையில் முதல்நாள் சொல்லித் தருவது என்ன? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்காதே. ஒன்றை மட்டும் பார். தலை தட்டையா, உருண்டையா? தட்டை என்றால் இந்தப் பெட்டி. பிறகு புரி நெருக்கமா, ஐதா? இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடை. கடைசியில் ஆணி தன் பெட்டிக்குள் விழுந்துவிடும்.

பூச்சியை அடையாளம் காணுவதும் அதே முறையில்தான். ஊர்ப் பாடப்புத்தகத்தில் இதற்கு இணைக்கவர்ச்சுட்டி என்று பெயர். செட்டை உண்டா, இல்லையா? உண்டு என்றால் இரண்டா, நான்கா? நான்கு என்றால் முன் செட்டை உறை போலக் கடினமா, இல்லையா? கடினம் என்றால் இரண்டு உறைகளும் முதுகின் நடுவே ஒரு நேர்க்கோட்டில் சந்திக்கின்றனவா? சந்தித்தால், வாய் கடிக்கும் வாய் என்றால், அது வண்டு. இதைப் பிள்ளைகளோடு செய்து பார்த்தபோது எங்களுக்கு ஆங்கிலம் ஒரு தடையாக இருக்கவில்லை. கேள்வியை நாங்கள் தமிழில் கேட்டோம். பிள்ளை கண்ணாடியால் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதியது.

இரண்டு செட்டையா நான்கு செட்டையா என்பது போட்டியில் அடிக்கடி ஏமாற்றும் இடம். பூக்களில் மஞ்சளும் கறுப்புமாகத் தேனீ போலவே நிற்கும் ஒருவகை இலையான் உண்டு. சிர்ஃபிடே குடும்பம். நிறத்தைப் பார்த்தால் தேனீ. செட்டையை எண்ணினால் இரண்டுதான். தேனீக்கு நான்கு. ஆனால் தேனீயின் முன், பின் செட்டைகளைச் சிறு கொளுக்கிகள் இணைத்து வைத்திருப்பதால் இரண்டு போலத் தோன்றும். அப்படியானால் உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். தேனீயின் கொம்பு நீண்டு முழங்கை போல மடிந்திருக்கும். இலையானின் கொம்பு மிகவும் குட்டை.

இலையான்களின் பின் செட்டை இருந்த இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரண்டு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது சமநிலை காக்க அவை உதவுகின்றன. கோடையில் விளக்கடியில் பெரிய நுளம்பு போல நீண்ட கால்களோடு ஒன்று வந்து விழும். புதிதாக வந்தவர்கள் அதைக் கண்டு பயப்படுவார்கள். அது நுளம்பு அல்ல, கடிக்காது. டிப்பியுலிடே குடும்பத்து இலையான் அது. அந்தக் குமிழ்களை வெறும் கண்ணாலேயே பார்க்க அதைவிட நல்ல பூச்சி இல்லை.

பெயரை நம்பி ஏமாற வேண்டாம். தமிழில் சில்வண்டு என்கிறோம், ஆனால் அது வண்டு அல்ல. வெள்ளை எறும்பு என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் கறையான் எறும்பு அல்ல. எறும்பின் இடுப்பு ஒடுங்கியிருக்கும், கொம்பு மடிந்திருக்கும். கறையானின் இடுப்பு பருத்திருக்கும், கொம்பு மணிமாலை போல நேராக இருக்கும். ஈசலின் நான்கு செட்டைகளும் ஒரே அளவானவை. பறக்கும் எறும்பின் முன் செட்டை பெரியது. ஆங்கிலப் பெயரில் ஃப்ளை என்ற சொல் தனியாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தால் அது உண்மையான இலையான் வருணம் என்றும், தும்பியின் பெயரில் இருப்பது போல ஒட்டி எழுதப்பட்டிருந்தால் வேறு வருணம் என்றும் பூச்சியியலாளர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். இது பிள்ளைகளுக்கு நல்ல உதவி.

இன்னொன்று. நூலகத்தில் கிடைக்கும் பழைய புத்தகங்களில் கறையானுக்கு ஐசொப்டெரா என்று தனி வருணம் இருக்கும். மரபணுவை ஆராய்ந்து 2007 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கறையான் கரப்பான்களின் கிளையே என்று காட்டியது. ஆகவே இப்போது அதைக் கரப்பான்களின் பிளாட்டோடியா வருணத்தில் சேர்க்கிறார்கள். புத்தகமும் போட்டிப் பட்டியலும் முரண்பட்டால் பட்டியல் சொல்வதையே எழுதும்படி பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

குழியானை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் படங்களைப் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். நியூரொப்டெரா வருணம், மிர்மெலியொன்டிடே குடும்பம் என்று ஒன்று. மகன் அந்தப் பெயரை வேகமாகச் சொன்னான். படத்தில் இருந்தது என்ன என்று கேட்டோம். "உங்களுக்கு விளங்காது அப்பா, இது மண்ணுக்குள் இருக்கிற ஒரு லார்வா" என்றான்.

படத்தை வாங்கிப் பார்த்தால் அது குழியானை! வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டுத் தாழ்வாரத்து மணலில் புனல் வைத்து அழுத்தியது போலக் குழி குழியாக இருக்குமே, அதற்குள் இருப்பது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் குழிக்குள் எறும்பைப் போட்டுப் பார்த்துக் கொண்டிருந்த நாட்கள் எத்தனை! எறும்பு ஏற ஏற அது கீழேயிருந்து மணலை வீசும். எறும்பு சரிந்து விழும். பிடித்து உள்ளங்கையில் விட்டால் முன்னுக்குப் போகாது, பின்னுக்குப் பின்னுக்கே போகும். குழி தோண்டும்போதும் பின்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வரும். மழைத்தண்ணீர் படாத இடத்தில்தான் குழி இருக்கும். இவ்வளவையும் நாங்கள் சொல்லச் சொல்ல மகன் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினான். அவனுடைய கோவையில் அந்தப் பக்கத்தில் மட்டும் தமிழில் ஒரு சொல் இருக்கிறது, குழியானை என்று.

பிறகு அவனுடைய முறை. அந்தக் குழியானை வளர்ந்து என்ன ஆகிறது என்று அவன் கேட்டான். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அது மணலையும் நூலையும் கொண்டு உருண்டையாகக் கூடு கட்டி, கூட்டுப்புழுவாக இருந்து, தும்பி போல நான்கு நீண்ட செட்டைகளோடு வெளியே வரும் என்றான். இரவில் விளக்குக்கு வரும் என்றான். அப்படி ஒன்றை ஊரில் அரிக்கன் லாம்படியில் கண்டது ஞாபகம் வந்தது. தும்பி என்று நினைத்து விட்டுவிட்டோம். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? தும்பியின் கொம்பு மயிர் போலக் குட்டை. குழியானையின் கொம்பு நீண்டு நுனி தடித்திருக்கும். தும்பிக்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. அதன் குஞ்சு தண்ணீருக்குள் வளரும்.

அன்று எங்களுக்கு விளங்கியது இதுதான். பூச்சியின் பாதி வாழ்க்கையை நாங்கள் கண்ணால் கண்டு வைத்திருக்கிறோம். மற்றப் பாதியைப் பிள்ளை புத்தகத்தில் படித்து வைத்திருக்கிறது. ஒரே மேசையில் இருந்தால்தான் இரண்டும் சேரும். உங்களுக்கு விளங்காது என்ற சொல் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குறைந்தது.

ஊரில் கண்டவை இங்கேயும் உண்டு

குடும்பம் என்ற பிரிவைப் படிக்கும்போது ஊர் அனுபவம் இன்னும் உதவும். தேசிக்காய் மரத்து இலையில் பறவை எச்சம் போல ஒரு புழு ஒட்டியிருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டி மணக்கும். இங்கே தோட்டத்தில் கரட் இலையிலும் பார்ஸ்லியிலும் பச்சையும் கறுப்பும் கோடு போட்ட புழு ஒன்று இருக்கும். தொட்டுப் பாருங்கள், அதே கொம்பை நீட்டும். இரண்டும் பப்பிலியொனிடே என்ற ஒரே குடும்பம்.

எருக்கலைச் செடியில் கோடு போட்ட புழுவையும், அதில் இருந்து வரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியையும் பார்த்திருப்பீர்கள். இங்கே பால் வடியும் மில்க்வீட் செடியில் வளரும் மொனாக் வண்ணத்துப்பூச்சி அதே சாதியைச் சேர்ந்தது. எருக்கலையும் மில்க்வீட்டும் கூட உறவுச் செடிகளே. மொனாக்கைப் போலவே தோற்றமளிக்கும் வைஸ்ரோய் என்ற இன்னொன்று உண்டு. அதன் பின் செட்டையில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடும். அந்தக் கோடு போட்டியில் கேட்கப்படக் கூடியது.

எங்களில் ஓர் அம்மா கிளிநொச்சியில் வயல் செய்த குடும்பம். சேதத்தைப் பார்த்தே பூச்சியைச் சொல்லுவார். இலையில் ஓட்டை என்றால் கடிக்கும் வாய். பால் பிடிக்கும் கதிரில் மணிகள் பதரானால் உறிஞ்சும் வாய். வாயுறுப்புகள் என்று புத்தகத்தில் நாலு பக்கம் இருந்ததை அவர் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார். தென்னையில் காண்டாமிருக வண்டு வெட்டிய ஓலையைக் கண்டவர்கள், அதே குடும்பத்து ஜப்பான் வண்டு இங்கே ரோசா இலையை நரம்பு மட்டும் மிஞ்சத் தின்றிருப்பதைக் கண்டால் வியப்படைய மாட்டார்கள்.

சரியான பெயர் ஏன் முக்கியம்?

சிறுவயதில் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்த்த பொன்வண்டை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் குடும்பம் பியூப்பிரெஸ்டிடே. அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றே நீளமான, பச்சை மின்னும் சிறு வண்டு ஒன்று கிழக்கு ஆசியாவில் இருந்து வட அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. டெற்றோயிட் பகுதியில் ஆஷ் மரங்கள் பட்டுப் போய்க்கொண்டிருந்தன. வேறு ஒரு மரநோய் என்றே முதலில் எண்ணப்பட்டது. 2002 இல் மரத்தில் இருந்து எடுத்த வண்டுகளை நிபுணர்களுக்கு அனுப்பியபோது, சிலோவாக்கிய நாட்டு வண்டு நிபுணர் ஒருவர் அதன் பெயரை உறுதி செய்தார். அதற்குள் அது பல ஆண்டுகளாகப் பரவிவிட்டது. அதே ஆண்டில் கனடாவில் வின்சரிலும், 2007 இல் ரொறன்ரோவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. ரொறன்ரோவில் மட்டும் சுமார் 860,000 ஆஷ் மரங்கள் இருந்தன என்று நகரசபை கணக்கிட்டிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை அழிந்தன. மரப்பட்டையில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் சிறு துளை இருந்தால் அது இந்த வண்டு வெளியேறிய வழி.

இன்னொரு கதை எங்கள் வேலைத்தலத்துக்கே கிட்டியது. 2003 இல் ரொறன்ரோவும் வோன் நகரும் சந்திக்கும் தொழிற்சாலைப் பகுதியில், கறுப்பில் வெள்ளைப் புள்ளியும் உடலைவிட நீண்ட கொம்பும் கொண்ட ஆசிய நீள்கொம்பு வண்டு காணப்பட்டது. பொருட்களோடு வந்த மரப்பெட்டிகளில் ஒளிந்து வந்தது அது. மேப்பிள் மரங்களைக் கொல்லக் கூடியது. உடனே பெயர் தெரிந்தது, உடனே மரங்களை வெட்டி அகற்றினார்கள். 2013 இல் அங்கே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதே ஆண்டு மிசிசாகாவில் மீண்டும் காணப்பட்டு, 2020 இல் அங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. முந்திய வண்டுக்கு நேரத்தோடு பெயர் தெரியவில்லை, மரங்கள் போயின. இதற்குப் பெயர் தெரிந்தது, மரங்கள் தப்பின.

வேலையில் நாம் தூக்கி அடுக்கும் பலற் பலகைகளில் கதிர் போன்ற ஒரு படமும் எழுத்துகளும் சூடு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2002 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சர்வதேச விதியின்படி போடப்படும் முத்திரை அது. எச்.ரி. என்று இருந்தால், பலகையின் உட்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கப்பட்டது என்று பொருள். உள்ளே இருக்கும் புழுவைக் கொல்வதற்கே இந்த ஏற்பாடு. நாள்தோறும் கைபடும் முத்திரையின் கதையை எங்களுக்குச் சொன்னவர்கள் எங்கள் பிள்ளைகள்.

மாணவர்கள் செய்யும் வேலை சிறிய வேலை என்றும் நினைக்க வேண்டாம். மொனாக் வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று தேடியவர், எம்மவர் பலர் வாழும் ஸ்காபரோவில் இருந்த கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஃபிரெட் ஏர்கட். அவரும் மனைவி நோராவும் பல ஆண்டுகளாகத் தொண்டர்களைக் கொண்டு செட்டைகளில் சிறு சீட்டு ஒட்டிப் பறக்கவிட்டார்கள். 1975 ஜனவரியில் அவர்களுடைய தொண்டர்கள் மெக்சிக்கோ மலைக்காட்டில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 1976 இல் ஏர்கட் அங்கே போனபோது சீட்டு ஒட்டிய ஒரு பூச்சி அவர் கண்ணில் பட்டது. அதற்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீட்டு ஒட்டியவர்கள் ஓர் ஆசிரியரும் இரண்டு பள்ளி மாணவர்களும்.

செலவும் நேரமும்

செலவு பெரிதல்ல. பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி ஒன்று, ஒரு கோவை, நூலக அட்டை ஆகியவை போதும். குளிர்காலத்தில் பூச்சி எங்கே என்று கேட்பீர்கள். யன்னல் விளிம்பையும் விளக்கு மூடியையும் கழற்றிப் பாருங்கள். செத்துக் காய்ந்த பூச்சிகள் நிறைய இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் மாதிரிகள் அவை. சேகரிப்பதானால் பூச்சியைச் சிறு போத்தலில் இட்டு உறைபெட்டியில் வைத்தால் இறந்துவிடும். வண்டுக்கு வலது செட்டை உறையில் ஊசி குத்த வேண்டும். இடம், திகதி, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டு அதே ஊசியில் இருக்க வேண்டும். சீட்டு இல்லாத பூச்சியால் விஞ்ஞானத்துக்குப் பயன் இல்லை.

பூங்காக்களில் அனுமதியின்றிப் பிடிக்க வேண்டாம். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குப் போனால் பார்த்துப் படம் எடுப்பதோடு நிறுத்துங்கள். மொனாக் போன்ற அருகி வருபவற்றை எங்கேயும் பிடிக்க வேண்டாம். புல்லுக்குள் நடந்து வந்தபின் பிள்ளையின் கால், இடுப்பு, தலைமயிர் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். நோய் பரப்பும் உண்ணிகள் அந்தப் பகுதியில் உண்டு. குளவி, தேனீ கடித்தால் ஒவ்வாமை உள்ள பிள்ளை தனியே போகக் கூடாது.

உண்மையான செலவு நேரந்தான். பயிற்சி சனிக்கிழமைகளில் நடந்தது. சனிக்கிழமை எங்களுக்கு ஓவர்டைம் நாள். ஒன்ராறியோவில் வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்குச் சம்பளம். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்களுக்கு அதை விடுவது இலேசான காரியம் அல்ல. மூன்று குடும்பமும் பேசி முறை வைத்துக் கொண்டோம். ஒரு வாரம் ஒரு வீட்டார் மூன்று பிள்ளைகளையும் கூட்டிப் போய்வர, மற்ற இரு வீட்டாரும் வேலைக்குப் போனார்கள். மூன்று வாரத்தில் ஒரு சனிக்கிழமைச் சம்பளத்தை ஒவ்வொரு வீடும் விட்டது. தனிக் குடும்பமாக இருந்திருந்தால் முடிந்திராது.

எங்கள் பிள்ளைகள் முதல் வருடம் பதக்கம் எடுக்கவில்லை. இரண்டாவது வருடம் ஆறாம் இடம். வீட்டில் அதற்குப் பாயாசம் வைத்தோம். பதக்கத்துக்காகப் பிள்ளையை நெருக்கினால் பூச்சி மீதும் வெறுப்பு வரும், எம்மீதும் வெறுப்பு வரும்.

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் இப்படியான குழு இல்லாவிட்டால், விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டு விஞ்ஞானக் கண்காட்சிக்கு இதையே ஒரு செயற்றிட்டமாகச் செய்யலாம். கனடா முழுவதற்குமான விஞ்ஞானக் கண்காட்சி 1962 இல் தொடங்கிய பழைய ஏற்பாடு. பள்ளி மட்டத்தில் இருந்தே அதற்கான வழி போகிறது. அடுத்த தடவை பிள்ளை கடிதத்தைக் கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டால், இருத்தி வைத்து முழுவதையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பூச்சி என்ற சொல் அதில் இருந்தால் கையெழுத்தை வைத்துவிட்டு, குழியானையைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆவணி மாதத்தில் முன்விறாந்தை விளக்கைப் போட்டு ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் ஐந்தாறு வருணம் தானாக வந்து சேரும். குளிர் தொடங்க முன்பு செய்து விடுங்கள்.